பழைய அம்பாசடரின் டிஸ்ட்ரிபியூட்டருக்கு எஞ்சின் ஆயிலா, கிரீஸா, ஸ்பிரேயா?

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வண்டிகளைப் பேணுவோர் புதுச்சேரியிலும் கடலூரிலும் இன்றும் உண்டு. அவற்றிலுள்ள பாயிண்ட் வகை டிஸ்ட்ரிபியூட்டரை (பாயிண்ட் எனும் தொடுமுனைகளால் மின்னோட்டத்தைத் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பகிரும் கருவி) கழற்றிப் பூட்டும்போது எதை, எங்கே இடுவது என்பதில் மெக்கானிக்குகளிடையே மூன்று வழக்கங்கள் உள்ளன.

துரு இளக்கும் ஸ்பிரேயை முதலில் ஒதுக்கிவிடலாம். உப்புக்காற்றில் இறுகிப்போன, பாயிண்டைத் தாங்கும் பேஸ் பிளேட்டை இளக்கவும், மழைக்காலத்தில் மூடிக்குள் கோத்த ஈரத்தை விரட்டவும் அது உதவும். ஆனால் விரைவில் ஆவியாகிவிடுவதால் சுழலும் தண்டுக்கு அது மசகாக நிலைக்காது.

உண்மையான போட்டி கிரீஸுக்கும் ஆயிலுக்கும்தான். கிரீஸ் ஒருமுறை தடவினால் நெடுநாள் நிற்கும் என்பது அதன் பக்க வாதம். பாயிண்டைத் திறந்து மூடும் கேமைப் பொறுத்தவரை அதை நான் முழுமையாக ஏற்கிறேன். அங்கே மெல்லிய பூச்சு இல்லையென்றால் கேமில் உரசும் பாயிண்டின் ஃபைபர் குதி தேய்ந்து, 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்க வேண்டிய பாயிண்ட் இடைவெளி சுருங்கி, டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தங்கும். அதே கிரீஸைப் பேஸ் பிளேட்டுக்கு அடியிலுள்ள எடைகளுக்கும் அப்பிவிடுவதுதான் தவறு. பல ஆண்டுகள் திறக்கப்படாத டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்தால், அந்த எடைகள் குத்துவிளக்கின் அடியில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போன்ற கறுப்பு மெழுகில் புதைந்து கிடப்பதைக் காணலாம். எடைகள் விரியாவிட்டால் வேகம் கூடும்போது தீப்பொறி முன்கூட்டி விழாது. வண்டி மேடேறத் திணறும்.

ஆகவே எடைகளுக்கும், அவற்றைத் தாங்கும் ஊசிகளுக்கும், மேலே சுழன்று மின்சாரத்தைப் பகிரும் ரோட்டருக்கு அடியில் தண்டின் உச்சிக்கும் எஞ்சின் ஆயிலே சிறந்தது. அதுவும் சில சொட்டுகள்தாம். மிகுந்தால் பாயிண்ட் முகத்தில் படிந்து கருகி எஞ்சினை மிஸ்ஸிங் அடிக்க வைக்கும். தண்டைத் தாங்கும் புது வெண்கல புஷ் போடுவதானால் அதை 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊறவைப்பது முறை. அவசரமென்றால் 100 டிகிரி செல்சியஸ் ஆயிலில் 2 மணி நேரம் வைத்து, ஆயில் ஆறிய பிறகு எடுக்கலாம். நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஏறாத புஷ், தண்டை விரைவில் தின்றுவிடும்.

பூட்டும்போது எடைகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றிவிடக் கூடாது. அவை ஒரே பலம் கொண்டவை அல்ல. தண்டை எஞ்சினோடு இணைக்கும், அடியிலுள்ள டிரைவ் டாகின் நாக்கு மையத்திலிருந்து விலகியிருப்பதால், கழற்றும் முன்பே ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வது அவசியம். டாகைத் திருப்பிப் பூட்டினால் ரோட்டர் 180 டிகிரி மாறி நிற்கும். கடைசியாக, ரோட்டரை அது சுழலும் திசையில், அதாவது இடஞ்சுழியாக, விரலால் திருகி விட வேண்டும். ஆயில் இட்ட எடைகளானால் அது தானாகவே சட்டெனப் பழைய நிலைக்குத் திரும்பும். சோம்பி நின்றால் பேஸ் பிளேட்டை மறுபடி எடுத்து, உள்ளே மிஞ்சிய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும்.