ஏற்காட்டு மூட்டத்தில் மர வேலி: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

ஏற்காட்டில் மரத்தால் வேலி போட்டிருக்கிறோம் என்று சொன்னால் சேலத்துச் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "இன்னும் நிக்குதா?" என்பதுதான். நிற்கிறது. கொரோனாவுக்கு முந்தைய வருடம் போட்டது. சில பலகைகளை மாற்றியாயிற்று, தேக்கின் நிறம் போய் முழுக்கச் சாம்பலாகிவிட்டது, கதவு மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும். ஆனால் ஒரு கால்கூடச் சாயவில்லை. மலையில் வீடு வைத்திருப்பவர்கள் பலர் விவரம் கேட்பதால், எது உழைத்தது, எது பணத்தைத் தின்றது என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு நாகலூர் போகும் பக்கம், சரிவில் இருக்கிறது. சுற்றிலும் கொஞ்சம் காபி, சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகு. பக்கத்து நிலத்தில் தங்கும் விடுதி வந்தபிறகு சனி ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழா சமயத்திலும் திண்ணையில் உட்கார முடியாமல் போனது. சுவர் கட்டிவிடலாம் என்றுதான் வீட்டுக்காரர் சொன்னார். சரிவுக்குக் குறுக்கே சுவர் எழுப்பினால் மேலிருந்து வரும் மழைத்தண்ணீர் அதன் முதுகில் தேங்கி, மண்ணோடு சேர்ந்து தள்ளும். அதற்குத் தனி அஸ்திவாரம், தண்ணீர் வெளியேறத் துளைகள் என்று செலவு எங்கேயோ போய்விடும். முள்கம்பி மறைக்காது. பச்சை வலை ஒரு பெருங்காற்றுக்கே கிழிந்து தொங்கும், பார்க்கவும் கட்டட வேலை நடக்கிற இடம் மாதிரி இருக்கும். இப்படித்தான் மரத்துக்கு வந்தோம்.

மரத்துக்கு மழையைவிட மூட்டம்தான் பெரிய எதிரி. ஏற்காட்டில் வருடத்துக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை பெய்கிறது. பெய்தால் பலகை நனையும், வெயில் வந்தால் காயும், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில், ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை, வெயிலே எட்டிப் பார்க்காத நாட்கள் நிறைய வரும். ஒரு சொட்டு மழை இல்லாமலே பலகையில் தண்ணீர் வழியும். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு மரத்துக்குள் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். ஈரம் பார்க்கும் சின்ன ஊசி மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மார்ச்சில் 12, 13 காட்டும் அதே பலகை டிசம்பரில், மரநிழல் விழும் பக்கத்தில், 20-ஐத் தாண்டுகிறது. வேலி நனையாமல் பார்த்துக்கொள்வது இங்கே நடக்காத காரியம். நனைந்தது சீக்கிரம் காய வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கணக்குதான்.

வீட்டை வாங்கியபோதே பின்பக்கம் ஒரு பழைய வேலி இருந்தது. கால்கள் தோட்டத்து சில்வர் ஓக், குழியில் நட்டு காங்கிரீட் ஊற்றியிருந்தார்கள். இடுப்பு உயரத்தில் தட்டினால் கணீரென்று இருக்கும். தரைமட்டத்தில் கிள்ளினால் பொடிப்பொடியாகக் கையில் வரும். மண்ணுக்குள் ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் நிற்காது. தரையை ஒட்டிய அந்த ஒரு சாணில் இரண்டும் உண்டு, பூஞ்சைக்கு அதுதான் வேண்டியது. காங்கிரீட் ஊற்றுவது இதை இன்னும் மோசமாக்கும். கோடையில் மரம் சுருங்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விழும், அடுத்த மழையில் அதற்குள் தண்ணீர் இறங்கும், வெளியேற வழி இருக்காது. நிழலுக்கும் மிளகு ஏற்றவும் சில்வர் ஓக் அருமையான மரம், மண்ணில் நட ஆகாது. தோட்டத்தில்தானே நிற்கிறது, ரெண்டு வெட்டிக்கொள்ளலாம் என்றும் முடியாது. 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது, அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும்.

அதனால் புது வேலிக்கு மரக்காலே வேண்டாம் என்று முடிவு. சேலம், நாமக்கல் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் முள்கம்பியைத் தாங்கி நிற்கும் கல்லுக்கால்தான் எடுத்தோம். 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி அதை மேலே கொண்டுவரும் லாரி வாடகை வலிக்கும். அப்புறம் அதற்கு ஒரு செலவும் கிடையாது. ஜிஐ பைப்பும் நல்ல வழிதான், கல்லைவிட வேலை சுலபம். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அங்கிருந்து துரு கிளம்பும். எங்கள் கேட்டுக்கு மட்டும் பைப் கால் போட்டோம், வருடா வருடம் அந்த வெல்டிங்குக்குப் பெயின்ட் அடிப்பது தனி வேலை.

குளிர்நாட்டுக்காரர்களின் வேலி வீடியோக்களைப் பார்த்துவிட்டு மூன்றடி, நாலடி குழி எடுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் மண்ணே உறைந்து, உப்பி, காலை மேலே தள்ளிவிடும், அதனால் உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டுகிறார்கள். ஏற்காட்டுக் குளிரில் மண் உறைவதில்லை. ஆறடி வேலிக்கு இரண்டடிக்குக் குறையாத குழி, அடியில் ஒரு கை ஜல்லி, சுற்றிலும் இறுக்கமாகக் கெட்டித்த மண். போதும்.

கல்லில் மரத்தை எப்படி மாட்டுவது என்பதில்தான் வேலை. துளை போட்டால் சில கல் விரிந்துவிடும். காலைச் சுற்றி யு வடிவத்தில் ஜிஐ பட்டையை வளைத்து, அதில் குறுக்குச் சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கினோம். எங்கள் ஆசாரி ஒன்று சொன்னார்: "கல்லும் மரமும் ஒட்டி நின்னா நடுவுல தண்ணி நிக்கும்மா. ரப்பர் குடுத்து விரல்கடை தள்ளி வச்சிருவோம்." பழைய டயரை வெட்டி அவரே துண்டு போட்டார். இன்றைக்கு அந்தச் சட்டங்களைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கமும் முன்பக்கமும் ஒரே மாதிரி காய்ந்திருக்கின்றன. மொத்த வேலியிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் உழைத்தது அந்த டயர்த் துண்டுதான்.

பலகைக்குப் புதுத் தேக்கு விலை கேட்டு வாயை மூடிக்கொண்டோம். இளம் தோட்டத்துத் தேக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் பாதிக்கு மேல் வெள்ளை, அதாவது வைரம் ஏறாத வெளிப்பகுதி. வைரம் பாய்ந்த பகுதிதான் பூஞ்சையையும் கறையானையும் தாங்கும், வெள்ளை எந்த மரமானாலும் ஒன்றுதான். கடைசியில் சேலத்தில் இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் பழைய தேக்கு உத்திரமும் ரீப்பரும் வாங்கி, மில்லில் அறுத்துக்கொண்டோம். பல வருடம் கூரைக்குக் கீழே காய்ந்த மரம், இனிமேல் பெரிதாக வளையாது. ஆணி எல்லாம் பிடுங்கிக் கொடுக்காவிட்டால் மில்காரர் ரம்பத்தைத் தொடவே மாட்டார், அதற்கு மட்டும் பொறுமை வேண்டும்.

பக்கத்து விடுதியில் அதே சமயம் பேக்கிங் பேலட் பைன் பலகையில் போட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகு. "எச்டி முத்திரை இருக்கு, ட்ரீட் பண்ண மரம்" என்று அவர்களிடம் விற்றிருக்கிறார்கள். எச்டி என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் வைத்தது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே இருக்கும் பூச்சி நாடு தாண்டக் கூடாது என்பதற்காகச் செய்வது. மக்காமல் காக்கும் மருந்து எதுவும் அதில் ஏறுவதில்லை. இரண்டாவது மழைக்காலத்திலேயே அடிப்பக்கம் கையோடு வந்தது. பைனே வேண்டும் என்றால் அழுத்தத்தில் மருந்து ஏற்றிய பைன் என்று கேட்டு, வெட்டிய முனையில் மருந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

பலகைகளை இடைவெளி இல்லாமல் அடித்தால் காற்றுக்குப் பாய் கட்டிய கதிதான். சட்டத்தின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஓரம் ஒரு அங்குலம் மேலேறுகிற மாதிரி அடித்திருக்கிறோம். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, காற்று ஊடே போகும், பலகையின் இரண்டு முகமும் காயும். குறை என்றால், பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு ஒரு கீற்று தெரியத்தான் செய்யும், மரமும் கூடுதலாகப் பிடிக்கும். ஆறடிப் பலகைக்குக் குறுக்குச் சட்டம் மூன்று வேண்டும், இரண்டோடு நிறுத்தினால் நடுவில் வயிறு தள்ளும். தண்ணீர் மரத்துக்குள் ஏறுவது பெரும்பாலும் அறுத்த முனை வழியாகத்தான். அதனால் மேல்முனையைச் சாய்வாக வெட்டி, அதன்மேல் ஒரு மூடுபட்டை. அடியில் தரையைத் தொடாமல் மூன்று அங்குலம், கீழே முக்கால் அங்குல ஜல்லி பரப்பியது. ஜல்லி இல்லாத இடத்தில் செம்மண் தெறித்துப் பலகையின் கால்பாகம் சிவந்து கிடக்கும், அந்தச் சேறு ஈரத்தை விடவே விடாது. சில்வர் ஓக் சருகு அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டே இருக்கும். அதைக் கூட்டித் தள்ளாத ஒரு மூலையில்தான் நாங்கள் மாற்றிய பலகைகள் எல்லாம்.

ஸ்க்ரூ விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்தப் பலகைகளை மாற்ற வந்த வேறொருவர் ஜிப்சம் போர்டுக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூவை அடித்துவிட்டுப் போனார். அடுத்த வருடமே தலை தனியாக உடைந்து விழுந்தது, தேக்கில் கறுப்புக் கறை வேறு. மீதி எல்லாம் 304 என்ற தரத்து எவர்சில்வர் ஸ்க்ரூ, இன்றும் டிரைவர் வைத்தால் சுற்றுகிறது. உருக்காலை வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள் எவர்சில்வருக்குக் கணக்குப் பார்க்கலாமா!

இனி பூச்சு. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னதால் வேலியை மூன்றாகப் பிரித்து மூன்று விதமாக விட்டோம். வாசல் பக்கம் பளபள வார்னிஷ். முதல் வருடம் வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். பிறகு மேல்விளிம்பில் கீறல் விழுந்து, அதன் வழியாகத் தண்ணீர் படலத்துக்கு அடியில் போய், வெள்ளைத் திட்டும் கறுப்புத் திட்டுமாக உரியத் தொடங்கியது. மேலே பூசவும் முடியாது, முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும், சுரண்டிய கூலி பூசிய கூலியைவிட அதிகம். பக்கவாட்டில் மரத்துக்குள் ஊறும் வகை எண்ணெய்ப் பூச்சு. அது உரிவதில்லை, மங்கும், அவ்வளவுதான். மார்ச், ஏப்ரலில் நார்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துப் பாசியைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு ஒரு கை பூசினால் முடிந்தது. வெறும் ஆளிவிதை எண்ணெயை மட்டும் பூச வேண்டாம், இந்த ஈரத்தில் கரும்பூஞ்சை அதையே தின்று வளரும்.

பின்பக்கத்துக்குச் சித்தப்பா சொன்ன முந்திரி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது. பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும், கடலோரத்தில் மரப்படகுக்குப் பூசுவார்கள். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் பொத்துப்போகும், ஏற்காட்டுக் குளிரில் நாட்கணக்கில் பிசுபிசுக்கும், நிறமும் கன்னங்கரேல். வேலி முழுக்கப் பூச நான் சொல்ல மாட்டேன். ஆனால் பலகையின் அடிமுனையிலும் சட்டத்தின் வெட்டுவாயிலும் பூசிய இடங்களில் ஈரம் ஏறவே இல்லை, கறையானும் அண்டவில்லை. பழைய இன்ஜின் ஆயில் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. மழைக்கு அது நேரே காபி வேருக்குத்தான் போகும், எங்களுக்கு வேண்டாம். இதில் வேடிக்கை, எண்ணெய் தீர்ந்துபோனதால் எதுவும் பூசாமல் விட்ட சில தேக்குப் பலகைகள் இருக்கின்றன. சாம்பல் பூத்துவிட்டன, மீட்டர் வைத்துப் பார்த்தால் பூசியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பூச்சு பார்வைக்கு, ஆயுள் காற்றோட்டத்துக்கு என்று நான் நினைப்பது அதைப் பார்த்துத்தான்.

கதவைப் பற்றிக் கொஞ்சம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலத்தில்தான் உப்பும். அதனால் மார்ச்சில் கச்சிதமாகப் பொருந்தும் மரக்கதவு ஆகஸ்டில் திறக்காது. அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள், அசிங்கமாக இருக்கிறது என்று ஆசாரி முணுமுணுத்தாலும் சரி. குறுக்கே சாய்வாகக் கொடுக்கும் சட்டம் கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்குப் போக வேண்டும். திருப்பிப் போட்டால் கதவு தன் கனத்திலேயே தொங்கிவிடும்.

குரங்குக்கு இந்த வேலி நடைபாதை. மூடுபட்டையைப் பிடுங்கி விளையாடியதால் ஆணியை எடுத்துவிட்டு அங்கும் ஸ்க்ரூ போட்டோம். காட்டெருமை வந்து உரசினால் கல்லுக்கால் தவிர எதுவும் நிற்காது, அதற்கெல்லாம் வேலி போட முடியாது.

செலவைப் பொறுத்தவரை, கல்லும் அதை ஏற்றி வந்த லாரியும் நட்ட கூலியும் சேர்ந்து பலகை விலையைத் தாண்டிவிட்டது. அப்போது வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. இப்போது பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், காலைத் தொட வேண்டியதே இல்லை. பின்பக்கத்தில் காபிக்குள் போகும் பகுதியை மட்டும் யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால், அந்தப் பழைய வேலி விழுந்த இடத்தில் மரம் போடாமல் செம்பருத்தியை நெருக்கி நட்டுவிட்டோம். வருகிற மார்ச்சில் கதவுக் கீல் இரண்டையும் எவர்சில்வரில் மாற்ற வேண்டும், வாசல் பக்கத்து வார்னிஷ் மிச்சத்தைச் சுரண்டி அங்கேயும் எண்ணெய்க்கு மாறிவிடப் போகிறோம்.