நூறு வருச வீட்டுக்கு சுண்ணாம்பு வேலை பாத்த மேஸ்திரி டீம் - கடலூர் ஓ.டி. அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், இது பிரியாணி கடை ரிவ்யூ மாதிரி நாலு வரில முடியற விஷயம் இல்ல. எட்டு மாசம் எங்க வீட்டுக்குள்ளயே கெடந்த ஒரு டீம பத்தி எழுதறேன். அவங்களுக்கு ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கூட கிடையாது. ஒரு மேஸ்திரி, ரெண்டு கொத்தனாரு, மூணு சித்தாளு, ஒரு டிவிஎஸ் எக்ஸெல். அவ்ளோதான் கம்பெனி. பழைய வீட்ட இடிக்காம சுண்ணாம்புலயே சரி பண்ணி தர்றதுதான் அவங்க தொழில். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ வரும்.

வீடு கடலூர் ஓ.டி.ல. முதுநகர்னு பஸ்ல எழுதியிருப்பாங்க, எங்களுக்கு ஓ.டி.தான், அதாவது ஓல்ட் டவுன். தாத்தாவோட அப்பா கட்டுனது. தெரு பக்கம் திண்ணை, நடை, நடுவுல முத்தம், சுத்தி தாழ்வாரம், கூடம், பின்னாடி கெணத்தடி. முன்கட்டுக்கு மேல மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டம், சின்ன செங்கல், சுண்ணாம்பு வெச்சு போடற பழைய கால மொட்டை மாடி), முத்தத்த சுத்தி நாட்டு ஓடு. அப்பா போனதுக்கப்புறம் நாலு பங்கு, நாலு பேரும் நாலு ஊருல. விக்கலாம்னா ரெண்டு பேரு கையெழுத்து போட மாட்டாங்க, சரி பண்ணலாம்னா மூணு பேரு காசு போட மாட்டாங்க. எங்க தெருவுல இருக்கற பாதி இடிஞ்ச வீட்ட எல்லாம் எடுத்து பாத்தீங்கன்னா மழையால விழுந்தது கொஞ்சம்தான், மீதி எல்லாம் இந்த கதைதான்.

2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்போ ஓடு பாதி பறந்துடுச்சு. அப்ப அவசரத்துல ஒரு கான்ட்ராக்டர கூப்ட்டோம் (பேரு வேணாம், மனுசன் நல்லவருதான், படிச்சது சிமெண்ட் மட்டும்தான்). அவரு உள்செவுரு பூரா கீழ இருந்து நாலடிக்கு பழைய காரைய கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசி மேல பெயிண்டும் அடிச்சு குடுத்தாரு, ரெண்டு வருசம் பளபளன்னு இருந்துச்சு, நாங்களும் அடடான்னு சந்தோசமா இருந்தோம், மூணாவது வருசம் அந்த சிமெண்ட் முடியற எடத்துக்கு மேல, அதாவது அதுவரைக்கும் ஒழுங்கா இருந்த எடத்துல, ஓதம் ஏறி உப்பு பூத்து காரை பொரிஞ்சு பொரிஞ்சு விழ ஆரம்பிச்சுது. தெனம் காலைல அம்மா ஒரு மொறம் மண்ணு கூட்டி வெளிய கொட்டுவாங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இன்னும் மோசம். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் வந்தப்போ டெரஸும் ஒழுக ஆரம்பிச்சுது, கூடத்துல ஆறு குண்டான் வெச்சிருந்தோம். போதும் இடிச்சிடலாம்னு வீட்டுக்காரி கூட சொல்லிட்டா.

அந்த டைம்ல ஒரு கல்யாணத்துக்கு பாண்டி போனேன். மண்டபத்துல சும்மா உக்காராம வைசியாள் தெரு பக்கம் நடந்தேன். நம்மாளுங்க பாண்டின்னா வெள்ளக்கார தெரு, மஞ்ச செவுரு, போகன்வில்லா, செல்ஃபி. பெரிய வாய்க்காலுக்கு இந்தாண்ட தமிழ் பக்கம் யாரும் வர்றதில்ல. ஆனா எங்கள மாதிரி வீட்டுக்காரங்க பாக்க வேண்டியது இந்த பக்கம்தான். 2000த்துக்கு அப்புறம் ஐரோப்பிய யூனியன் நிதில, இத்தாலி உர்பினோ, பிரான்ஸ் வில்நெவ்-சுர்-லோ ஊருங்களோட கூட்டு வெச்சு, பழைய கட்டடங்கள காப்பாத்தற இன்டாக் அமைப்பு ஆளுங்க அந்த தெரு முகப்ப எல்லாம் சரி பண்ணாங்க, 2008ல யுனெஸ்கோ அவார்டு கூட கெடச்சுது. விஷயம் என்னன்னா அவங்க ஒரு வீட்ட மட்டும் எடுத்து மினுக்கல. அந்த தெருவுல ஒவ்வொரு வீட்டு திண்ணைக்கு வெளிய மரத்தூண் நட்டு ஓடு எறக்கின தாழ்வாரம் இருக்கும், தெருவுல போறவன் வெயிலுக்கு ஒதுங்கற எடம், அது வரிசையா இருந்தாதான் அழகு, நடுவுல ஒருத்தன் கார் ஷெட்டுக்காக உடைச்சா பல்லு விழுந்த வாய் மாதிரி ஆயிடும்.

கடற்கரை ரோட்டுல மேரி பில்டிங்கையும் (பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி ஆபீஸ்) பாத்தேன். 1870கள்ல கட்டுனது, 2014 நவம்பர் மழைல பொலபொலன்னு விழுந்துச்சு ஞாபகம் இருக்கா, அப்புறம் அதே அச்சுல திரும்ப கட்டி 2021ல தெறந்தாங்க. நல்லாதான் கட்டியிருக்காங்க. ஆனா அத பாத்துட்டு நிக்கறப்போ எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு, கவர்மெண்ட்டு பில்டிங்னா விழுந்தப்புறம் கூட திரும்ப கட்ட காசு வரும், என் வீடு விழுந்தா ஜேசிபி வாடகை கூட நான்தான் குடுக்கணும்.

அங்க ஒரு வீட்ல சாரம் கட்டி வேலை நடந்துட்டு இருந்துச்சு, வாசல்ல நின்னு எட்டி பாத்தேன், அங்க கெடச்சவருதான் நம்ம மேஸ்திரி. அறுவத்தஞ்சு வயசு இருக்கும்.

அடுத்த ஞாயித்துக்கெழமையே ஓ.டி. வந்துட்டாரு. பேப்பர் பேனா எதுவும் எடுக்கல. செவுத்துல வெரல மடக்கி டொக் டொக்னு தட்டிட்டே போனாரு, சத்தம் பொத்தலா கேக்கற எடத்துல எல்லாம் கரித்துண்டால கோடு போட்டாரு. பூத்திருந்த வெள்ளைய நகத்தால சொரண்டி நாக்குல வெச்சு பாத்து துப்பினாரு. அப்புறம் சொன்னாரு, "செவுரு நல்லாத்தான் இருக்குது தம்பி, மேல போத்தி வுட்டிருக்கிங்க பாரு, அதுதான் மூச்சு முட்டுது."

அவரு வெளக்குனத என் பாஷைல சொல்றேன். அந்தக்கால செவுரு செங்கல்லும் சுண்ணாம்பும். கீழ இருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், அடியில தடுப்பு எதுவும் போட்டிருக்க மாட்டாங்க. சுண்ணாம்பு பூச்சு இருந்தா ஏறின ஈரம் அப்படியே காத்துல காஞ்சு போயிடும். சிமெண்ட் அத வெளிய விடாது. ஈரம் என்ன பண்ணும், சிமெண்ட் இல்லாத எடம் வரைக்கும் மேல ஏறி அங்க வெளிய வரும், வரும்போது உப்பையும் கூட்டிட்டு வரும், அந்த உப்பு காரைக்குள்ள கட்டியாகி காரைய தள்ளி விட்டுடும். அதான் நாலடில இருந்த பிரச்னை ஆறடிக்கு போச்சு.

இப்ப வேலைக்கு வரேன். சிமெண்ட்ட பேத்து எடுக்கவே பன்னெண்டு நாளு. கொஞ்சம் கொஞ்சமா உளி வெச்சு எடுத்தாங்க, மெஷின் வெச்சா செங்கல்லும் சேந்து வந்துடும்னு. அப்புறம் செவுத்த அப்படியே ரெண்டு மாசம் காய விட்டாங்க. ஊருல இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாம் என்ன வேலை நின்னு போச்சான்னு கேட்டுட்டு போவாங்க. அந்த கேப்புல கெணத்தடி பக்கம் தொட்டி கட்டி சுண்ணாம்ப தண்ணில ஊற போட்டாங்க. இன்னொரு பீப்பாயில கடுக்காயும் வெல்லமும் ஊறிச்சு. அந்த தண்ணியத்தான் கலவைக்கு ஊத்தறாங்க, பிடிப்பு நல்லா வருமாம், சீக்கிரம் வெடிக்காதாம். நாத்தம் இருக்கே, புளிச்ச கள்ளு மாதிரி, எதிர் வீட்டு அத்தை ஒரு நாள் நேராவே வந்து "என்னடா காய்ச்சறீங்க உள்ள"ன்னு கேட்டுட்டாங்க. எறும்பு வேற ஊர்ல இருக்கறது பூரா நம்ம வீட்லதான்.

பூச்சு மூணு கோட்டு. அடிப்பூச்சுல மணலோட செங்கல் தூளும் சேத்தாங்க, ஈரமான எடத்துல கூட எறுகறதுக்கு. ஒரு கோட்டு பூசி அது எறுகற வரைக்கும் அடுத்தத தொட மாட்டாரு. ஃபேன் போடக்கூடாது, வெயில் படக்கூடாது, ஜன்னல்ல ஈரக்கோணி கட்டி வெச்சிருந்தாங்க, மெதுவா காயணுமாம். சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்து திரும்ப கல்லா மாறுது, அதுக்கு நாளாகும், சிமெண்ட் மாதிரி மறுநாள் காலைல ஆணி அடிக்கற கதை இல்ல. கடைசி கோட்டுல முட்டை வெள்ளைக்கரு போட்டு கூழாங்கல்லால தேச்சா கண்ணாடி மாதிரி வரும்னாரு, அம்மா பூஜை ரூம்ல முட்டை வெச்சா நான் வீட்ட விட்டே போயிடுவேன்னுட்டாங்க, அதனால நடையில ஒரே ஒரு செவுத்துல மட்டும் பண்ணோம். கைய வெச்சா ஜில்லுனு இருக்கு, சித்திரை வெயில்லயும். வர்றவங்க எல்லாம் அத தொட்டு தொட்டு இப்ப அங்க ஒரு கை தடம் விழுந்திருக்கு.

டெரஸ்தான் எனக்கு ரொம்ப புடிச்ச வேலை. மரச்சட்டத்துக்கு மேல ஆறு இஞ்சு நீளம் மூணு இஞ்சு அகலம் ஒரு இஞ்சு கனத்துல சின்ன செங்கல்ல படுக்க வைக்காம நிக்க வெச்சு, குறுக்கு வாட்டத்துல சுண்ணாம்பு வெச்சு அடுக்கறாங்க, கீழ பலகை முட்டு எதுவும் கிடையாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அப்படியே நிக்குது. மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு கலவை, அத சித்தாளுங்க வரிசையா உக்காந்து கட்டையால நாலஞ்சு நாளு தட்டறாங்க, சத்தம் மாறினதும் மேஸ்திரி கீழ இருந்தே போதும்னு சொல்றாரு. அப்புறம் தட்டோடு. ஒழுகல, போன மாசம் பேஞ்ச மழைல டார்ச் அடிச்சு பாத்தேன், ஒரு பொட்டு கூட இல்ல.

கரையான் தின்ன சட்டம் நாலு மாத்த வேண்டியிருந்துச்சு. புது தேக்கு வெலைக்கு நம்மால முடியாது. மேஸ்திரி பாண்டி பக்கம் ஒரு பழைய மரக்கடைக்கு கூட்டிட்டு போனாரு. தூணு, கதவு, நெலை, உத்தரம், மாடிப்படி கைப்புடி எல்லாம் குவிச்சு வெச்சிருக்காங்க, ஒரு கதவுல 'நல்வரவு' எழுத்து கூட அழியல. எல்லாம் இடிச்ச வீட்டு மரம். நம்ம அளவுக்கு கெடச்ச சட்டத்த தூக்கி வண்டில வெக்கறப்போ எனக்கு என்னவோ மாதிரி ஆச்சு, எவனோ ஒருத்தன் நாலு பங்காளி சண்டைல இடிச்ச வீடுதான் இப்ப என் தலைக்கு மேல நிக்குது. மேஸ்திரிகிட்ட சொன்னேன், அவரு பீடிய பத்த வெச்சுட்டு "சீக்கிரம் கட்டு தம்பி, வண்டிக்காரன் வெயிட்டிங் கேப்பான்"னாரு.

சரி அந்த ஒரு ஸ்டாரு. டைம்னு ஒண்ணு இவங்களுக்கு கிடையாது. மூணு மாசம்னு சொன்னது எட்டு மாசம். ஆடில ஊர்ல கூழு ஊத்தறாங்கன்னு பத்து நாளு, முகூர்த்தம்னு ஒரு வாரம், நடுவுல பாண்டில எவரோ பெரிய எடம் கூப்ட்டாங்கன்னு சொல்லாம கொள்ளாம ஓடிட்டாரு, போன் எடுக்கல. பில்லு கிடையாது, எஸ்டிமேட் கிடையாது, அதனால லோனுக்கு போன எடத்துல முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க, இடிச்சிட்டு கட்டினா லோன் உண்டு, சரி பண்றதுக்கு இல்லன்னு. சதுரடிக்கு சிமெண்ட் பூச்ச விட ரெண்டரை மடங்கு ஆச்சு. அப்புறம் வயரிங். இத முன்னாடியே சொல்லியிருக்கணும் அவரு. பூச்செல்லாம் முடிஞ்சப்புறம் எலக்ட்ரீசியன் வந்து கட்டர் வெச்சு கிழிச்சதுல புது செவுத்துல விரிசல், மேஸ்திரி அத பாத்துட்டு ஒரு நாள் பூரா என்கூட பேசல. நீங்க பண்ணா பூசறதுக்கு முன்னாடியே பைப்ப போட்டுடுங்க. பெயிண்ட் கடைல எமல்ஷன் அடிங்கன்னு தள்ளுவாங்க, அடிச்சா திரும்ப பழைய கதைதான், வெறும் சுண்ணாம்பு அடி போதும், கலர் வேணும்னா காவி கலந்துக்கலாம், பொங்கலுக்கு பொங்கல் அடிக்கணும் அவ்ளோதான்.

இன்னொண்ணு, இது டீம் மேல தப்பு இல்ல. வீட்ட சரி பண்ணியாச்சு, தெருவ யாரு சரி பண்றது. எங்க தெருவுல ரோடு போடற ஒவ்வொரு வாட்டியும் பழச சொரண்டாம மேலயே போட்டு போட்டு இப்ப திண்ணைக்கு மூணு படி இருந்தது ஒரு படி ஆயிடுச்சு, அடுத்த வாட்டி போட்டா தண்ணி நேரா நடைக்குள்ள. வாசல்ல கல்லு வெச்சு ஒசத்திக்கலாமேன்னு கேட்டேன், மேஸ்திரி ஒத்துக்கல, தண்ணி நின்னா திரும்ப செவுத்துலதான் ஏறும்னு சொல்லி தெரு பக்கமா ஒரு சின்ன காவா எடுத்து குடுத்தாரு, அதுக்கு மட்டும் காசு வாங்கல. இத்தனைக்கும் இந்த ஊரு நேத்து மொளைச்சது இல்ல. 1690ல இங்கிலீஷ்காரன் இங்க கடலூர் தேவனாம்பட்டினத்துல இருக்கற கோட்டைய மராட்டியர்கிட்ட வாங்கினப்போ பீரங்கி குண்டு போய் விழற தூரம் வரைக்கும் எங்களுதுன்னு எழுதி வாங்கினான், மெட்ராஸ் பிரெஞ்சுக்காரன் கைக்கு போனப்போ இங்கிலீஷ்காரன் ஆறு வருசம் இங்க இருந்துதான் இந்த கடலோரத்துல அவன் கைல இருந்த எடத்த எல்லாம் ஆண்டான். பாண்டிக்கு வர்ற டூரிஸ்ட் பஸ் இருவது இருவத்தஞ்சு கிலோமீட்டர் கூட வந்தா போதும், வர்றதில்ல.

மொத்தம் எனக்கு அஞ்சே கால் லட்சம், மரத்தோட சேத்து. முன்கட்டு, முத்தம் முடிஞ்சுது, பின்கட்டு பாக்கி.

வேணும்ங்கறவங்க கேளுங்க, அவருகிட்ட கேட்டுட்டு நம்பர் தரேன். காலைல ஆறுல இருந்து எட்டுக்குள்ள பண்ணாதான் எடுப்பாரு. இப்ப பாண்டி வேலைல இருக்காரு, தை வரைக்கும் ஃப்ரீ இல்ல. அதுவரைக்கும் ஒழுகுதேன்னு யாரையாவது கூட்டிட்டு வந்து சிமெண்ட் வெச்சிடாதீங்க, அத பேக்கறதுக்கு தனி கூலி கேப்பாரு, எங்கிட்டயும் வாங்கிட்டாரு.