தோள் இறங்குவதற்கு எந்த ஆபரேஷன்? மார்த்தாண்டம் பக்கத்தாருக்கு ஒரு மதிப்பீடு

மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர், தென்னை ஏறுகிறவர், கபடி ஆடும் பையன்கள் எல்லாருக்கும் தோள்தான் பிழைப்பு. அது மூட்டைவிட்டு விலகி அடிக்கடி இறங்கத் தொடங்கினால், நாகர்கோவில் போனாலும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனாலும் பெரும்பாலும் முதலில் பேச்சு வருவது சின்னத் துளை வழியே செய்யும் கீஹோல் ஆபரேஷன் பற்றித்தான். தழும்பு சின்னது, சீக்கிரம் வீடு திரும்பலாம். உண்மைதான். ஆனால் தோள் மறுபடி இறங்குமா என்பது துளையின் அளவில் இல்லை, கை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் எலும்பில் இருக்கிறது.

தோள் பெரும்பாலும் முன்பக்கமாகவே விலகும். அப்போது கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வாஷர் போல இருக்கும் லேப்ரம் பிய்ந்துவிடும். கீஹோலில் பெரும்பாலும் செய்யும் பேங்கார்ட் ஆபரேஷனில் அதை இழுத்து, நூல் கோத்த ஆங்கர்களால் (எலும்பில் பதிக்கும் சின்ன முளைகள்) எலும்போடு கட்டுவார்கள். மூன்றோ அதற்குக் குறைவோ ஆங்கர் போட்டவர்களுக்குத் திரும்ப விலகுவது கூடுதல் என்று ஆய்வு உண்டு. எத்தனை போடுவீர்கள் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். போட்டவற்றின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கிண்ணத்தின் முன்விளிம்பு தேயும், பந்தின் பின்பக்கம் குழி விழும். 2000இல் பர்க்ஹார்ட், டி பீர் இருவரும் வெளியிட்ட கணக்கு இன்றும் கண்ணைத் திறக்கிறது: கீஹோலில் பேங்கார்ட் செய்தவர்களில், எலும்புத் தேய்மானம் பெரிதாக இல்லாதவர்களில் 4 சதவீதம் பேருக்கே மறுபடி விலகியது, பெரிதாக இருந்தவர்களில் 67 சதவீதம். ஆகவே எம்ஆர்ஐயோடு நிறுத்தாமல் முப்பரிமாண சிடி எடுத்து, தேய்மானம் எத்தனை சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் வெறும் பேங்கார்ட் தையலை நம்புவது தவறு.

அங்கே லட்டார்ஜே ஆபரேஷன் வருகிறது. தோள்பட்டையின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கோரக்காய்டு எலும்புத் துண்டைத் தசைநாரோடு பெயர்த்து, கிண்ணத்தின் முன்விளிம்பில் பொதுவாக இரண்டு ஸ்குரூ போட்டுப் பொருத்துவார்கள். பிடிமானத்தில் இதுவே உறுதி. உடலோடு உடல் மோதும் கபடிக்காரருக்கும் இதையே யோசிக்கலாம். ஆனால் சிக்கலும் அதிகம்: நரம்பு பாதிப்பு, துண்டு ஒட்டாமை, ஸ்குரூ உறுத்தல், கையை வெளிப்பக்கம் திருப்புவதில் கொஞ்சம் குறைவு. இதைப் பலமுறை செய்து கைபழகிய டாக்டரிடம் மட்டும் போங்கள். தேய்மானம் குறைவு, பந்தின் குழி பெரிது என்றால், பேங்கார்ட்டோடு அந்தக் குழியைத் தசைநாரால் அடைக்கும் ரெம்ப்ளிசாஜ் போதுமா என்று கேளுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கணக்கு வேறு; அவர்களுக்குத் தோளை உயர்த்தும் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வலிப்பு இருப்பவர் அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் ஆபரேஷன் செய்துகொண்டால் அத்தனையும் வீண்.

தோற்பது பல நேரம் வீட்டில்தான். நான்கு முதல் ஆறு வாரம் ஸ்லிங். விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். அக்குளைக் கழுவ, முன்னால் குனிந்து கையைத் தானாகத் தொங்கவிட்டால் போதும், தூக்கக் கூடாது. இந்த நாட்களில் எண்ணெய் தேய்த்து நீவும் உழிச்சல் வேண்டவே வேண்டாம், எவ்வளவு நல்ல ஆசானானாலும். கையை உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பும் நிலைதான் ஆபத்து: உயரத்தில் ரப்பர் வெட்டுவதும், தென்னையில் எட்டிப் பிடிப்பதும் அதுதான். மூன்று மாதத்துக்கு முன் அதைத் தொடாதீர்கள். கபடிக்கு ஆறு மாதமாவது ஆகும். அதுவும் இரண்டு தோளின் பலமும் ஏறக்குறைய சமமான பிறகு.

ஓராண்டு இறங்காமல் இருந்ததை வைத்து வெற்றி என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டாண்டு கடந்த பிறகும் விலகுவது உண்டு. எல்லை தாண்டிப் போகிறவர்கள், தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று அட்மிட் ஆகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கர் விலை தனியா, மொத்தத் தொகைக்குள்ளா என்பதையும் அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.