வடசென்னை டிபி கணக்கு: பதிவேடா, வீடு வீடாகப் போன ஆய்வா?

எங்கள் பகுதி இளைஞர் மன்றத்துக்காக, வடசென்னையில் காசநோய் எவ்வளவு, யாருக்கு என்று நாலு பக்கத்தில் சுருக்கி எழுதும் வேலை என்னிடம் வந்தது. எந்தக் கணக்கை அடிப்படையாக வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. ஆஸ்பத்திரிப் பதிவுகள், நிக்‌ஷய் என்ற அரசுப் பதிவேடு, வீடு வீடாகப் போய் எடுத்த பரவல் ஆய்வு என மூன்று வழிகள் இருந்தன. நான் பரவல் ஆய்வை எடுத்துக்கொண்டேன். இதே வேலையைச் செய்யப் போகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கணக்கை அதிகம் பேச வேண்டியதில்லை. இங்கே உள்ள ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வார்டில் படுத்திருப்பவர்களை எண்ணி, வண்ணாரப்பேட்டையில் இவ்வளவு நோய் என்று சொல்ல முடியாது.

அடுத்து நிக்‌ஷய். டிபி நோயாளி யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற உத்தரவு வந்தது 2012-ல். நிக்‌ஷய் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தனியார் டாக்டர்களும் இதில் பதிகிறார்கள், எண்ணிக்கை புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. 2019-ல் நாடு முழுக்க 24 லட்சம் பேர் பதிவானார்கள். 2020-ல் அது 18 லட்சமாக இறங்கியது. நோய் ஒரே வருடத்தில் கால்வாசி குறைந்துவிடவில்லை. ஊரடங்கில் ஜனம் வெளியே வரவில்லை, சளி பரிசோதனையும் குறைந்துபோனது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரு தெருவில் எக்ஸ்ரே வண்டி நின்று முகாம் நடத்தினால் அந்த மாதம் அங்கே எண்ணிக்கை ஏறும். நன்றாகத் தேடிய வார்டு மோசமான வார்டாகத் தெரியும். புளியந்தோப்பு, வியாசர்பாடி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இதையெல்லாம் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொண்டாலும், என்னை முடிவெடுக்க வைத்தது வேறு ஒன்று. நோயாளிகளின் எண்ணிக்கையை எந்த மக்கள்தொகையால் வகுப்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்துக்கு 46.5 லட்சம் பேர். அதே ஆண்டு அக்டோபரில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் மாநகராட்சியில் சேர்ந்தன; 155 வார்டுகள் 200 ஆயின. மாவட்ட எல்லை விரிந்தது 2018-ல். விரிந்த மாநகராட்சிப் பரப்பில் 2011-லேயே சுமார் 67 லட்சம் பேர் இருந்தார்கள். இப்போது பேச்சுக்கு ஒரு வருடத்தில் 10,000 நோயாளிகள் பதிவானதாக வைத்துக்கொள்ளுங்கள். 46.5 லட்சத்தால் வகுத்தால் லட்சத்துக்கு 215. 67 லட்சத்தால் வகுத்தால் 149. நோயாளிகள் அதே 10,000 பேர்தான்!

வடசென்னைக்கு இது இன்னும் கூடுதலாக வலிக்கும். புதிதாகச் சேர்ந்த திருவொற்றியூர், மணலி, மாதவரம் மூன்றும் நம் பக்கத்து மண்டலங்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. இதற்கிடையில் கரையோரக் குடிசைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். ஒரு வார்டில் இன்றைக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் வார்டு வாரியாக வீதம் போடுவது ஊகம்தான்.

பரவல் ஆய்வில் இந்தச் சிக்கல் இல்லை. தேர்ந்தெடுத்த இடத்தில் முதலில் வீட்டில் இருப்பவர்களைப் பட்டியல் எடுக்கிறார்கள், அவர்களைத்தான் பரிசோதிக்கிறார்கள். வகுக்கும் எண் ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010–12-ல் சென்னையில் சுமார் 60,000 பெரியவர்களிடம் அப்படி ஓர் ஆய்வு நடத்தியது. நுரையீரல் டிபி கிருமி உறுதியானவர்கள் லட்சத்துக்கு 349. 1956-ல் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. டிபிக்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதும், சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியதும் அவர்கள்தான்.

2019–21 தேசிய டிபி பரவல் ஆய்வில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் லட்சத்துக்கு 316. எண்ணைவிட அதன் உள்விவரம் முக்கியம். அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. அப்படிப் போகாதவர்களில் 68 சதவீதம் பேர் அறிகுறியைப் பொருட்படுத்தவே இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சலை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அக்கா ஒருவரிடம் மூன்று வாரமாக இருமுகிறாரே என்று கேட்டேன். "விடிகாலைல ஐஸ்லயே நிக்கிறேன்பா, இருமாம இன்னா பண்ணும்?" என்றார். அவர் பரிசோதனைக்குப் போகும்வரை நிக்‌ஷயில் இருக்க மாட்டார். அவரைப் போன்றவர்களைத் தேடி வாசலுக்கே வருகிற கணக்கைத்தான் நான் நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. 349, 316 இரண்டும் அந்த நேரத்தில் நோயோடு இருப்பவர்கள். இந்தியாவில் 2023-ம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன லட்சத்துக்கு 195, வருடத்தில் புதிதாக நோய் வருகிறவர்களின் மதிப்பீடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் 'சென்னையில் ஒன்றரை மடங்குக்கு மேல்' என்று எழுதிவிடாதீர்கள்.

ஆய்வின் குறைகளும் சாதாரணமானவை அல்ல. சென்னை எண் பத்தாண்டுக்கு மேல் பழசு. குழந்தைகள் அதில் இல்லை. கழுத்துக் கட்டி, முதுகெலும்பு டிபி போன்றவையும் இல்லை. 60,000 பேரில் லட்சத்துக்கு 349 என்றால் நோயாளிகள் 200 பேர் அளவில்தான். அதை மண்டலம் மண்டலமாகப் பிரித்தால் எண் ஆடும். அதனால் தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று தனித்தனி வீதம் நான் போடவில்லை. குழந்தைகளுக்கும் நுரையீரலுக்கு வெளியே வரும் டிபிக்கும் நிக்‌ஷய் எண்ணிக்கையை வகுக்காமல் அப்படியே கொடுத்து, 'பதிவானவர்கள் மட்டும்' என்று பக்கத்திலேயே எழுதிவிட்டேன். தனியார் டாக்டர்கள் எவ்வளவு ஒழுங்காகப் பதிகிறார்கள் என்பது ஒரு சில கிளினிக்குகளில் கேட்டுத் தெரிந்ததுதான்; அதை வைத்து எதுவும் எழுதவில்லை.