கரண்ட் பில் பாதியாகும்னு ரூ.8,600 புடுங்கிட்டாங்க: பவர் சேவர் பெட்டி வாங்காதீங்க

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சின்னதா கடை, தொழில் வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு முழுசாப் படிங்க. புது பில் கைக்கு வந்ததிலிருந்து வயிறு எரியுது.

காவேரிப்பட்டினத்துல இட்லி மாவு ஆட்டி பாக்கெட் போட்டு விக்கிறேன். கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் ஓடிட்டே இருக்கும். கிருஷ்ணகிரி டவுன்ல ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கடைக்கு வயர் வாங்கப் போனப்பதான் இந்தப் பெட்டியக் காட்டினாங்க. "அக்கா, இதை பிளக்ல சொருகினாப் போதும், பில் பாதியாயிடும்"னாரு. வாய்ப்பேச்சோட விட்டிருந்தா நான் அசைஞ்சிருக்க மாட்டேன். ஒரு பலகையில சின்ன மோட்டார் ஓட விட்டு, வயரைச் சுத்தி கிளாம்ப் மீட்டர் (வயர்ல எத்தனை ஆம்பியர் ஓடுதுன்னு காட்டற கருவி) மாட்டினாரு. 2.1 ஆம்பியர். பெட்டியோட சுவிட்சைப் போட்டதும் 1.3. அணைச்சா மறுபடி 2.1. "உங்க கண்ணாலயே பாருங்கக்கா, பொய்யா சொல்றேன்?" அங்கதான் நம்பினேன். கடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, ரூ.8,600 எண்ணிக் குடுத்தேன். ஒரு பாக்கெட் மாவுல எனக்கு என்ன நிக்கும்னு இந்தத் தொழில் பண்றவங்களுக்குத் தெரியும்.

பில்லுல ஒரு யூனிட்கூட குறையல. போன் பண்ணினா, "ரெண்டு பில் போகட்டும்க்கா, செட் ஆகணும்." அப்புறம், "வெயில் காலம், ஃப்ரிட்ஜ் அதிகமா இழுக்குது." நேர்ல போய் நின்னா, "ஓனர் சேலம் போயிருக்காரு." கடைசியா, "நீங்க தப்பான பிளக்ல மாட்டியிருப்பீங்க." பிளக் பாயிண்ட்டைக் காட்டி மாட்டச் சொன்னதே அவங்கதான்!

எங்க அண்ணன் பையன் ஐடிஐ-ல எலக்ட்ரீஷியன் படிச்சவன். பெட்டியைத் திறந்தான். ஒரு கருப்புக் கெப்பாசிட்டர் (கரண்டைக் கொஞ்ச நேரம் சேத்து வச்சுத் திருப்பி விடற பாகம்), சின்ன சர்க்யூட் போர்டு, கலர் லைட்டு. அவ்வளவுதான். "அத்தை, மீட்டரைப் பாருங்க"ன்னு கூட்டிட்டுப் போனான். நம்ம இபி மீட்டர்ல ஒரு சிவப்பு லைட் மின்னும்ல, எங்க மீட்டர்ல அது 3200 தடவை மின்னினா ஒரு யூனிட். கிரைண்டரை மட்டும் ஓட விட்டு ஒரு நிமிஷம் எண்ணினோம். பெட்டியைச் சொருகி எண்ணினோம், கழட்டி எண்ணினோம். ரெண்டும் ஒண்ணுதான்.

அப்ப ஆம்பியர் ஏன் குறைஞ்சுது? இதை அந்தக் கடைக்காரர் சொல்லவே இல்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா மோட்டாருக்கு வர்றது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் இல்லை. 230ஐ 2.1ஆல பெருக்கினா 483 விஏ. மோட்டார் அதுல ஒரு பகுதியைக் காந்தம் உண்டாக்க வாங்கி, வாங்கின வேகத்துல திருப்பி அனுப்பிடுது. நிஜமா வேலைக்குச் செலவாகறதுதான் வாட். பவர் ஃபேக்டர், அதாவது விஏல எவ்வளவு பங்கு வாட்ங்கற கணக்கு, 0.6ன்னு வச்சா சுமார் 290 வாட். கெப்பாசிட்டர் போட்டா அந்தப் போக்குவரத்து லைன்ல குறையுது, ஆம்பியர் 1.3க்கு இறங்குது, வாட் அதே 290. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். எங்கள மாதிரி சின்ன கனெக்‌ஷனுக்கு அந்த யூனிட்டுக்குத்தான் காசு, ஆம்பியருக்கு இல்லை. ஓசூர் சிப்காட்ல ஹெச்.டி., அதாவது உயர் மின்னழுத்த கனெக்‌ஷன் வச்சிருக்கற கம்பெனிகளுக்குப் பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழ போனா தனிக் கட்டணம் உண்டு, அவங்களுக்குக் கெப்பாசிட்டர் பேங்க் (பல கெப்பாசிட்டர் சேர்ந்த தொகுப்பு) நியாயம். மாவு கடைக்கு எதுக்கு?

கடையில கிளாம்ப் மீட்டர் காட்டினது நிஜம். அந்த நிஜத்தை வச்சே ஏமாத்தியிருக்காங்க, அதுதான் ஆறவே மாட்டேங்குது. ரூ.8,600!

என்னென்ன கவனிக்கணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது. ஆம்பியர் குறையறதைக் காட்டினா நம்பாதீங்க, வாட் மீட்டர்ல காட்டச் சொல்லுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம பணம் குடுக்காதீங்க, எனக்குக் குடுத்தது வெள்ளைத் தாள்ல எழுதின எஸ்டிமேட். "பில் பாதியாகும்"ங்கறதை எழுதி சீல் போட்டுத் தரச் சொல்லுங்க, தர மாட்டாங்க. ஏமாந்தவங்க 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம். நான் குடுக்கப் போறேன். இதே பெட்டியை வாங்கின வேற யாராவது இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே போவோம்.