குழந்தைகள் ஹார்மோன் கிளினிக்: டாக்டருக்கு 5 ஸ்டார், வரவேற்பு மேசைக்கு 1

மகளுக்கு ஏழரை வயது. குளிப்பாட்டும்போது இடது மார்புக் காம்புக்கு அடியில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது, தொட்டால் வலிக்கிறது என்றாள். எனக்குப் புற்றுநோய் வரைக்கும் யோசனை ஓடிவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் டாக்டர், இது மார்பு வளர்ச்சிதான், ஆனால் 8 வயதுக்கு முன்னாலேயே தொடங்கினால் ஹார்மோன் டாக்டர் பார்த்தாக வேண்டும் என்று இந்த கிளினிக்குக்கு அனுப்பினார். திட்டவும் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

வரவேற்பு மேசையில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். மெதுவாகச் சொன்னேன். அந்தம்மா ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஓ, சீக்கிரமே வயசுக்கு வர்ற கேஸா?" என்றார். என் முதுகுக்குப் பின்னால் போன பிள்ளை, உள்ளே கூப்பிடும் வரை வெளியே வரவில்லை. இரண்டு மணி நேரம்!

டாக்டர் அப்படியே நேர்மாறு. முதலில் இவளிடம்தான் பேசினார், தொட்டுப் பார்க்கலாமா என்று இவளிடமே கேட்டார். அப்புறம் என்னிடம் பழைய உயரக் கணக்கு கேட்டார். என்னிடம் இருந்ததோ சுவரில் தேதி போட்டு நான் கிழித்த பென்சில் கோடுகளின் போட்டோதான். அதுவே போதுமாக இருந்தது: ஒரு வருடத்தில் 9 செ.மீ. இந்த வயதில் 5, 6 தான் வழக்கமாம். நெடுநெடுவென்று வளர்கிறாளே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சீக்கிரம் சுரந்தால் எலும்பும் சீக்கிரம் முதிர்ந்து அதன் முனைகள் மூடிவிடும், இன்று வகுப்பிலேயே உயரமான பிள்ளை கடைசியில் குட்டையாக நின்றுவிடலாம் என்று படம் வரைந்து காட்டினார். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது ஒன்பதரை.

அடிவயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டு, பருவ வளர்ச்சியைத் தூண்டும் எல்எச் ஹார்மோன் ஏறுகிறதா என்று பலமுறை ரத்தம் எடுக்கும் டெஸ்டும் நடந்தது. கையில் ஒரு தடவை மட்டும் குத்தி அதிலேயே எடுத்த நர்ஸுக்குத் தனி நன்றி. பெண் குழந்தைகளில் பெரும்பாலும் காரணம் எதுவும் அகப்படாது, உங்கள் தப்பு இல்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது பருவ வளர்ச்சியை நிறுத்திவைக்க மூன்று மாதத்துக்கு ஒரு லியூப்ரோலைடு ஊசி. ஊசியை நிறுத்தினால் பருவ வளர்ச்சி விட்ட இடத்திலிருந்து தொடருமாம், பிற்காலத்தில் குழந்தை பெறுவதற்கு இதனால் தடையில்லையாம். முதல் ஊசிக்குப் பிறகு மாதவிடாய் மாதிரி லேசாக ரத்தம் படலாம், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் நள்ளிரவில் எமர்ஜென்சிக்கு ஓடியிருப்பேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: மேசையில் "உயரம் பார்க்க வந்தோம்" என்று மட்டும் சொல்லுங்கள், பொய்யும் இல்லை. இரண்டாவது தடவை போனபோது எனக்கு முன்னால் இவளே அதைச் சொல்லிவிட்டாள்.