லேன்யனா, ஹெரானா: யாருடைய ஓவியங்கள் என்னை அதிகம் இழுக்கின்றன?

இருவருமே இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் வாழ்ந்த அரூப ஓவியர்கள். பீட்டர் லேன்யன் அங்குள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரிலேயே 1918-இல் பிறந்தவர். நிலத்தைத் தரையில் நின்று பார்த்தது போதாமல், 1959-இல் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானம்) ஓட்டக் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு வரைந்த ‘தெர்மல்’ ஓவியத்தைப் பாருங்கள்: நீலமும் வெள்ளையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சுழல்கின்றன. சூடான காற்று கிளைடரைத் தூக்கும் அந்தக் கணம், பார்க்கிற நம் வயிற்றிலும் ஜிவ்வென்று ஏறுகிறது. 1964-இல் கிளைடர் விபத்தில் காயமடைந்து இறந்தபோது வயது 46தான்.

பேட்ரிக் ஹெரான் லீட்ஸில் பிறந்தவர். 1956-இல் கார்ன்வாலின் ஸென்னர் கிராமத்தில் குடியேறினார். அவருக்கு நிறம்தான் எல்லாம். 1957-இல் வெறும் வண்ணப் பட்டைகளாலேயே கித்தானை நிரப்பினார். அப்புறம் 1999 வரை நீண்ட வாழ்க்கை.

ஹெரான் கண்ணை நிறைக்கிறார், சரி. ஆனால் திரும்பத் திரும்ப என்னை இழுப்பவர் லேன்யன்தான்.